போல்டு

“இன்னா சார், மேடம் பேரு இவ்ளோ ஒல்லியா கீது? போல்டு பண்ணிடட்டா?”

திரையில் என் மகள் பவ்யாவின் காதணி விழா அழைப்பிதழ். கீழே கிருபாகரன் என்ற என் பெயர். பக்கத்தில் கவிப்பிரியா. பட்டாபிராம் ஸ்டேஷன் எதிரே உள்ள அச்சகத்தில், மவுஸைப் பிடித்தபடி மோகன் காத்திருந்தார்.

கவிப்பிரியாவின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பியபோது அதை மட்டும் அடிக்க விரல் வரவில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்று வந்திருந்தேன்.

“ம்” என்றேன்.

ஒரே சொடுக்கில் கவிப்பிரியா கறுத்துத் தடித்தாள். பார்த்தால் சண்டைக்கு வருவாள்.

பெண் பார்க்கப் போன அன்று மாமியார் என்னைத் தனியே அழைத்தார். “அவ கொஞ்சம் போல்டு தம்பி. நீங்கதான் பாத்து நடந்துக்கணும்.” பெண்ணுக்கு வீசிங் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற குரல்.

என் அக்காவுக்கு அது ‘போல்டாம்!’ கூடவே ஓர் உதட்டுச் சுழிப்பு.

மின்சார ரயிலில் இடித்தவனைச் சட்டையைப் பிடித்து இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள். பெட்டி முழுக்க அந்தச் சொல்லை முணுமுணுத்தது. வீட்டுக்கு வந்ததும் குக்கர் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிட்டாள்.

மொட்டை மாடியில், குடியிருப்புப் பிள்ளைகளோடு கிரிக்கெட். ஸ்டம்பாக நின்ற பெயின்ட் டப்பா உருண்டதும், “போல்டு!” என்று குதிப்பாள். அது வேறு ஸ்பெல்லிங் என்பேன். ஆள் ஒன்றுதானே என்பாள்.

இன்றைக்கு முன் கடைசியாக அதைக் கேட்டது ஐசியூ வாசலில். “பீ போல்டு” என்று டாக்டர் என் தோளைத் தொட்டார்.

“அவ்ளோதான சார்? பிரிண்ட்டு குட்த்துர்றேன்.”

தலையாட்டிவிட்டேன். மோகன் மவுஸை நகர்த்தினார்.

“இருங்கண்ணா. அவ பேருக்கு முன்னாடி அமரர்னு சேக்கணும்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அதுவும் அவள் பெயரைப் போலவே கறுப்பாக, தடிப்பாக வந்து விழுந்தது.

“அதுக்கு போல்டு வேணாண்ணா.”