டம்ளருக்குள் செர்வோ

குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து இர்பான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

ஹெர்பர்ட் அதற்குள் செர்வோவை முக்கினார்.

இர்பானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஔந்த் கடைவீதியில் இந்த ரிமோட் பொம்மை வண்டிக் கடையைத் திறந்த நாளிலிருந்து, விற்கிற பொருளை யாரும் அவன் கண்ணெதிரே தண்ணீரில் அமுக்கியதில்லை.

செர்வோ என்பது ரிமோட் டிரக்கின் முன்சக்கரங்களை இடமும் வலமும் திருப்பும் குட்டி மோட்டார். மேசைமேல் இரண்டு கிடந்தன. இரண்டின் அட்டையிலும் 'வாட்டர்ப்ரூஃப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அட்டையில் போட்டதை நம்புகிற ஆள் இல்லை ஹெர்பர்ட். ஆகுர்டி கார் தொழிற்சாலையில் அவருடைய வேலையே அதுதான். புது வண்டிகள் செயற்கை மழையில் நனைந்து வெளியே வரும். அவர் டார்ச் அடித்து, கதவு ரப்பரை விரலால் தடவி, துளி ஈரம் தட்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர் என்று அங்கே அவருக்குப் பெயர். அவரைத் திட்டாத ஆளும் அங்கே கிடையாது.

ஆனால் எந்த வண்டியையும் இவ்வளவு பயந்து சோதித்ததில்லை.

நாளைக்கு ஞாயிறு. நிக்கோல் வருவாள்.

விவாகரத்துக்குப் பிறகு மகள் அம்மாவோடு இருந்தாள். ஞாயிறு மதியம் மட்டும் அப்பாவுக்கு. நேற்று போனில் அவள் அம்மா சொல்லிவிட்டாள், பிள்ளை வளர்ந்துவிட்டது, இனி வருவதும் வராததும் அவள் இஷ்டம், நான் பிடித்துத் தள்ள மாட்டேன் என்று.



வளர்ந்த பெண் வந்து பார்க்க அவரிடம் என்னதான் இருக்கிறது? அவளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவருக்கோ அவளுடைய இங்கிலீஷைத் துரத்திப் பிடிக்க மூச்சு வாங்கும்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த மான்ஸ்டர் டிரக் ஒன்றுதான். அவள் ரிமோட்டும் கையுமாக மைதானத்தில் நிற்பாள். அவர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பேட்டரி தீர்ந்ததும் 'பை டாடி' சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

போன வாரம் அதற்கும் கேடு வந்தது. டிரக் மழைக் குட்டையில் இறங்கியது, செர்வோவுக்குள் தண்ணீர் போனது, சக்கரம் திரும்ப மாட்டேன் என்றுவிட்டது.

நாளைக்கும் அப்படி ஆனால்? அடுத்த ஞாயிறு என்று ஒன்று இருக்குமா?

முதல் செர்வோவை வயரை மட்டும் வெளியே விட்டு முழுக்க அமுக்கினார். ஒரு குமிழிகூட இல்லை. அப்பாடா என்றிருந்தது.

சும்மா, வேலைப் பழக்கத்தில், இரண்டாவதையும் அமுக்கினார். அச்சின் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின.

இர்பானின் முகம் சுண்டிப்போனது. "அண்ணாச்சி, அத எடுக்காதிய. ஒரு தடவ குட்டையில இறங்குனா போச்சு, மறுபடியும் டிரக்க அக்கக்கா கழட்டிக்கிட்டு உக்காரணும்."



போன வாரம் உட்கார்ந்தார்கள். சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, அப்பாவும் மகளுமாக. அவர் திருகாணிகளைக் கழற்றக் கழற்ற அவள் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். கைக்கு வேலை கிடைத்ததும் வாய் தானாகத் திறந்தது. பேசுவதை நிறுத்திவிட்ட தோழி. கணக்கு டீச்சர். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அம்மா அழுவது. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், ஒன்றும் அவருக்குப் புரியாமல் போகவில்லை.

கீழே ஹார்ன் அடித்தபோது ஜன்னலில் எட்டிப் பார்த்து, இன்னும் முடியவில்லை, கொஞ்ச நேரம் என்று அம்மாவிடம் கத்தியது அவள்தான்.

டம்ளரில் குமிழிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. செய்யப்போவது தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

குமிழி விட்டதை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, இர்பான் பக்கம் நகர்த்தினார்.

"இதையே குடுத்திரு தம்பி. பொம்பளப் பிள்ள கைக்குத் தோதா ஒரு ஸ்க்ரூடிரைவரும் சேத்துப் போடு."