மாற்றியவர் பெயர்

முதலில் வம்புக்கு வந்தவன் சுந்தரேஷ்தான். இரண்டு மாதத்துக்கு முன், ஆபீஸே பார்த்திருக்க, "அண்ணே, கண்ணு தெரியலையா? நாலு வரி விட்டுட்டீங்க!" என்றான்.

அய்யாசாமி அதை மறக்கவில்லை.

கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்குத் தமிழ் வாசகங்கள் அடித்துத் தரும் சின்ன ஆபீஸ், டில்லி மயூர் விஹாரில். காலையில் 'அப்டேட்' கொடுத்தால், மற்றவர்கள் செய்த திருத்தமெல்லாம் சர்வரிலிருந்து அவரவர் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அய்யாசாமி அன்றோடு அதை நிறுத்தினார். அவன் கை பட்ட ஓர் எழுத்தும் தன்னிடம் வரக் கூடாது. புதுப்புது ஃபைலாக அடிப்பார், சர்வருக்கு அனுப்புவார், ஐந்தரைக்கு அலுத்துப்போய் சார்ட்டர்ட் பஸ் ஏறுவார்.

இன்று ஒரு பழைய ஃபைலில் ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றி அனுப்பினார். சர்வர் ஏற்கவில்லை.

"அரே அங்கிள், உங்ககிட்ட இருக்கிறது பழசு," என்றாள் பக்கத்து சீட் மாதங்கி. "நீங்க அனுப்பினப்புறம் யாரோ இதை மாத்தியிருக்காங்க. அப்டேட் பண்ணுங்க."

"யாரோ என்ன யாரோ? அவன்தான்!"

வேறு வழியில்லை. அப்டேட் கொடுத்தார். மளமளவென்று ஃபைல்கள் இறங்கின. அதில் நாற்பத்தொன்று அவர் அடித்தவை.

"அத்தனையிலும் கை வெச்சிருக்கான்! யார் மாத்தினதுன்னு எடும்மா. மேனேஜர் கபூர் சாப்கிட்டேயே காட்டறேன்."

மாதங்கி தயங்கித் தயங்கிப் பட்டியலைத் திறந்தாள்.

மாற்றியவர் பெயர்: அய்யாசாமி. நாற்பத்தொன்றிலும் அதே பெயர். நேரம், சாயங்காலம் ஆறரை, ஏழு.

"அப்போ நான் பஸ்ல இருப்பேனே!"

"பாஸ்வேர்டை மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருக்கீங்களே அங்கிள். சுந்தரேஷ் பையாதான்... நீங்க விட்ட வரியெல்லாம் சேர்த்து, உங்க பேர்லயே அனுப்புவார். அவர் பேர்ல அனுப்பினா கபூர் சாபுக்குத் தெரிஞ்சுடுமில்ல? வாராவாரம் யார் எத்தனை வரி விட்டாங்கன்னு பார்க்கறாரே. விஸ்வநாதன் அங்கிளை வீட்டுக்கு அனுப்பினது அதனாலதானே."

அய்யாசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுப் பார்த்தும் திரை மங்கலாகத்தான் இருந்தது. ஆறு மாதமாகவே அப்படித்தான்.

"அண்ணே, ஒரு கப் சாய் சொல்லட்டுமா?" தினமும் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு வந்தான் சுந்தரேஷ். இரண்டு மாதமாக அவர் பதில் சொன்னதில்லை.

"சொல்லு. ஆனா ஒண்ணு. எல்லார் முன்னாலயும் சொன்னியே, அதுக்கு நீ இன்னும் மன்னிப்புக் கேக்கலை."

மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு சீட்டு பசை விட்டு ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினார்.