ஒரு கை ஆட்டம்

"கம்ப்யூட்டர் கேமுக்குப் புது கன்ட்ரோலர் கொண்டு வர்றோம். என்ன மாத்தணும் சார்?" கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள்.

சின்னசேலத்தில், தன் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த தமிழழகன் யோசிக்கவே இல்லை. "எல்லா பட்டனும் வலது கைக்கே எட்டணுங்க. எடது கை எனக்கு இல்லன்னே வெச்சிக்குங்க."

அவள் குரல் தழைந்தது. "எத்தனை நாளா சார் இப்படி?"

"ஆறு மாசமாங்க. சம்சாரம் காலையில வேலைக்குப் போனா, பொழுதுக்கும் இதே எடத்துலதான் குந்திக்கினு கெடக்கறேன்."

"உங்களுக்காகவே ஒண்ணு செஞ்சு அனுப்புறோம் சார்."

சொன்னபடியே அனுப்பினார்கள். மாலையில் வேலை முடிந்து வந்த நிர்மலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஒரு கையாலயே ஆடலாமா?"

"ஜோரா ஆடலாம்!" என்றான் பெருமையாக.

"அப்பாடா! ரெண்டு கையும் வேணும்னு தெனம் சாயங்காலம் இந்தக் கயித்த எங்கிட்ட குடுத்துட்டு ஆடுவீங்க. இனிமே அதுவும் வேணாம்" என்ற நிர்மலா, குழந்தை தூங்கும் தூளியின் கயிற்றை அவன் இடது கையில் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள்.