ஷெட்டிலிருந்து பதில் இல்லை

ஜெகதீஸ்வரன் இறந்த அன்று உச்சி வெயிலில், அவருடைய போன் வசந்தாமணியின் மடியில் கிடந்து கத்தியது.

வீடு நிறையச் சனம். ஐஸ் பெட்டியைச் சுற்றி ஒப்பாரி. போன் கத்தியதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. கட்டிய மனைவிக்கு மட்டும் அந்தச் சத்தம் என்னவென்று தெரியும்.

மூன்று கோழி ஷெட்டிலிருந்தும் பதில் இல்லை.

வீட்டு மோடம் தோட்டத்துக் கோடியிலிருக்கும் ஷெட்டுகளை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அவை 'இருக்கிறேன்' என்று பதில் தரும். அதற்குப் பெயர் பிங் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். பதில் வராவிட்டால் போன் கத்தும். காரணம் இரண்டில் ஒன்று. நடுவில் தொடர்பு அறுந்திருக்கும், இல்லையென்றால் ஷெட்டுக்கான கரண்ட் லைன் போய் ஃபேன் நின்றிருக்கும். எதுவென்று போன் சொல்லாது.

நாலாபக்கமும் அடைத்த ஷெட். பங்குனி வெயில். ஃபேன் நின்றால் ஒரு உலை கொதிக்கும் நேரத்துக்குள் அத்தனை கோழியும் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

ஓடிப்போய்ப் பார்க்கவும் ஆளில்லை. முதலாளி சாவென்று பண்ணையாட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, இப்போது சுடுகாட்டில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனுஷன் உயிரைக் கொடுத்துக் கட்டிய ஷெட். அவரோடு அதையும் வாரிக் கொடுப்பதா?

வசந்தாமணி எழுந்தாள். நாலு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். "கோழி, கோழி" என்றாள்.

"ஐயோ சாமி, புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே!" என்று சின்ன அத்தை ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள்.

என்ன சொல்லி யாருக்குப் புரியவைப்பது? தவித்துப்போய் முகத்தைத் திருப்பியபோதுதான் மோடம் கண்ணில் பட்டது. அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை. வயர் தரையில் கிடந்தது.

அது இருந்த பிளக்கில் இப்போது ஐஸ் பெட்டியின் வயர் இருந்தது. கொழுந்தன் வேலுமணி சற்றுமுன் பெட்டி வந்த அவசரத்தில் மாற்றிச் சொருகியிருக்கிறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. எழவு வீட்டில் மோடத்தை யார் பார்ப்பார்கள்?

ஆனாலும் ஷெட் பதில் சொல்லாமல் அவளுக்கு மனசு ஆறாது. பிடித்திருந்த கைகளை உதறிவிட்டுப் போய், பெட்டியின் வயரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

பெட்டியின் இரைச்சல் நின்றது. ஒப்பாரியும் நின்றது.

"அண்ணி, என்னங்க பண்றீங்க? அண்ணன் பொட்டிங்க அது!" வேலுமணி பாய்ந்து வந்தான். அவன் கையைத் தட்டிவிட்டு மோடத்தின் வயரைச் சொருகினாள்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவள் போனையே பார்த்தாள்.

முதல் ஷெட், ஃபேன் ஓடுகிறது. இரண்டாவதும் ஓடுகிறது. மூன்றாவது அவளை நன்றாக அழவைத்துவிட்டுத்தான் வந்தது. அதுவும் ஓடுகிறது. ஒரு கோழிக்கும் ஒன்றுமில்லை.

அப்பாடா என்று போனை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, மூணும் ஓடுதுங்க. இனியாச்சும் எந்திரிச்சு வந்து ஒரு வாய் சோறுண்ணுங்க."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலுமணி மட்டும் பெட்டியின் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே சொருகுவதென்று தெரியாமல் நின்றான்.