புகை வண்டி பார்க்க லீவா?

மனைவிக்கு ஸ்கேன் என்று லீவு போட்டுவிட்டு வந்த அக்கவுன்டன்ட், ரயில்வே பிளாட்பாரத்தில் தன் மேனேஜரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். மேனேஜரும் ஒளிந்துகொள்ள அதே தூணைத்தான் பிடித்தார்.

"சார், ஹெட் ஆபீஸ்ல மீட்டிங்னு சொன்னீங்க..."

"நீ ஸ்கேன்னியே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். திருட்டுக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டால் வருகிற சிரிப்பு, பார்க்கச் சகிக்காது.

"நூறு வருஷத்து நீராவி எஞ்சின்யா. இன்னிக்கு இந்தப் பக்கமா ஓடறதோட சரி, நேரா மியூசியம்தான். விட முடியுமா?" என்றார் மேனேஜர். கழுத்தில் கேமரா வேறு.

"அப்ப ஆபீஸ்ல யாரு சார்?"

"கேஷியரம்மா இருக்காங்கல்ல. அந்தம்மாவும் நேத்து லீவு கேட்டு வந்து நின்னாங்க. காரணம் என்ன தெரியுமா? இதே எஞ்சினைப் பாக்கணுமாம். மககிட்ட ஒரு மாசமா சொல்லி வெச்சிருக்காங்களாம், குழந்தை வேற பேச்சே பேசறதில்லையாம்."

"அய்ய, அப்படியேவா சொன்னாங்க?"

"அப்படியேதான். புகை வண்டி பாக்க லீவா, இது ஆபீஸா சத்திரமான்னு கேட்டேன். மூஞ்சி சுண்டிப் போச்சு."

"பொழைக்கத் தெரியல சார். வயித்து வலின்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"அதான் பாரேன். உண்மையைச் சொல்லிட்டா நாம உருகிடணுமாக்கும்."

தூரத்தில் புகை தெரிந்தது. முறையாக லீவு வாங்கிய இருவரும் நாலு பேரை முழங்கையால் தள்ளிவிட்டு முன்வரிசைக்குப் போனார்கள். மேனேஜர் கேமராவைத் தூக்கிக்கொண்டு எக்கி நின்றார். பின்னால் யாரோ "தலை, தலை" என்று கத்தினார்கள். யாருக்கோ வந்த விருந்து என்று இருந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கவுன்டன்ட்டின் போன் அடித்தது. கேஷியரம்மாதான்.

"எடுய்யா, எடுக்கலேன்னா சந்தேகம் வரும்," என்றார் மேனேஜர்.

"அண்ணா, அண்ணிக்கு ஸ்கேன் முடிஞ்சுதா?"

"இன்னும் கூப்பிடலம்மா. வரிசைல உக்காந்திருக்கோம்."

எஞ்சின் ஊதிக்கொண்டே பிளாட்பாரத்துக்குள் நுழைந்தது. காது அடைத்துப் போனது.

"அது என்னண்ணா சத்தம்?"

அக்கவுன்டன்ட் திருதிருவென்று விழித்தார். மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, "டிவின்னு சொல்லு," என்று காதைக் கடித்தார்.

"ஆஸ்பத்திரில டிவி ஓடுதும்மா. அந்த எஞ்சினைக் காட்டறான்."

"ஆமாண்ணா, ஆபீஸ் டிவிலயும் அதான் ஓடுது. மகளை இங்கயே கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்கேன். மேனேஜர் சாரைக் கொஞ்சம் குனியச் சொல்லுங்க, குழந்தைக்கு எஞ்சின் தெரியல."