முதல் வரி

வெளியீட்டு நாள் காலையில், ஒத்திகைச் செய்திகளைத் திருப்பிவிடும் பொத்தானை நானே அணைத்தேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவனைப் போல, அணைந்துவிட்டதா என்று மறுபடியும் பார்த்தேன்.

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். மென்பொருளை வெளியிட்டுப்பார் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்களுடையது சின்ன மென்பொருள்தான். ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே நர்ஸ் ஒரு பொத்தானைத் தட்டுவார். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குப் போனில் செய்தி வரும். எல்லாம் சரியென்றால் ஒரு செய்தி. சரியில்லையென்றால், மருத்துவர் உங்களிடம் பேச வேண்டும் என்று இன்னொன்று.

ஒத்திகை பார்க்கும்போது அது ஏதாவது ஒரு நிஜக் குடும்பத்துக்குப் போய்த் தொலைத்தால் என்ன ஆவது? அதனால் எல்லாச் செய்திகளும் குடைச்சலின் போனுக்கே போகும்படி திருப்பிவிட்டிருந்தோம்.

குடைச்சல் எங்கள் சோதனையாளர். தப்பு கண்டுபிடிக்காமல் தூங்க மாட்டாள், நம்மையும் தூங்க விட மாட்டாள். பட்டப்பெயர் அவளுக்கும் தெரியும். சில நாள் அதைச் சொல்லியே கதவைத் தட்டுவாள்.

ஒத்திகை நடந்த நாட்களில், பிறக்கவே பிறக்காத நோயாளிகளுக்கெல்லாம் அவள் போனில் ஆபரேஷன் நடந்தது. "ஊரெல்லாம் உங்களுக்குச் சொந்தக்காரங்கதான் போலிருக்கே அக்கா" என்று பக்கத்து மேசைக்காரன் கிண்டல் செய்வான். அவளும் சிரிப்பாள்.

கடைசி வாரத்தில்தான் உண்மையான குடைச்சலை ஆரம்பித்தாள்.

இரண்டு செய்திகளுமே மருத்துவமனையின் நீளமான பெயரோடு தொடங்கின. பூட்டிய போனில் தெரிவது ஒரே ஒரு வரி. அந்த வரி முழுக்கப் பெயரே உட்கார்ந்திருந்தது. எந்தச் செய்தி என்று தெரிய வேண்டுமானால் போனைத் திறந்தாக வேண்டும். பெயரைக் கடைசிக்குத் தள்ளி, 'நலம்' என்று தொடங்க வேண்டும் என்றாள்.

பந்தி பரிமாறும் நேரத்தில் வந்து உலையை மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? போனைத் திறக்க ஒரு நொடி ஆகுமா, அதற்கா இந்தப் பாடு என்று கத்தினேன். மறுநாளும் அவள் வந்து அதையே கேட்டாள். மருத்துவமனை அலுவலகத்துக்கே போய் நின்று சம்மதம் வாங்கி வந்தாள். தொல்லை விட்டால் போதும் என்று மாற்றிக் கொடுத்தேன்.

வெளியீட்டு வாரத்தில் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லியிருந்தேன். வெளியிடும் நாளில் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து கவனிக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது, எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். குடைச்சல்தான் கை தூக்கினாள். எங்கள் அறையில் அவள் இல்லாமல் ஒரு காலைப்பொழுதாவது நிம்மதியாகப் போகும் என்று எனக்கும் சந்தோஷம்.

காலையின் முதல் ஆபரேஷனோடு தொடங்குவதாக ஏற்பாடு. எங்கள் திரையில் நோயாளியின் பெயர் தெரியாது. ஒரு எண்ணும் 'உள்ளே' என்ற சொல்லும்தான். அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். காபி ஆறி ஏடு கட்டியது. யாரும் தொடவில்லை.

'உள்ளே' மறைந்தது. 'செய்தி சென்றது' என்று பச்சையில் வந்தது.

அறையே கைதட்டியது. பக்கத்து மேசைக்காரன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

அப்போதுதான் குடைச்சல் போன் செய்தாள்.

"செய்தி வந்துடுச்சு சார்."

"நீ யார் போன்ல பாத்தேம்மா?"

"என் போன்லதான்."

அவள் போனுக்கு வந்திருக்கிறது என்றால் திருப்பிவிடும் பொத்தான் அணையவில்லை. ஒத்திகையை அப்படியே ஊருக்குத் திறந்துவிட்டிருக்கிறோம். அங்கே ஒரு குடும்பம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், செய்தி எங்கள் ஆளின் கையில் கிடக்கிறது. முதல் நாளே மானம் போயிற்று.

பொத்தான் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன்.

பொத்தான் அணைந்தே இருந்தது.

பக்கத்து மேசைக்காரனும் எட்டிப் பார்த்தான். அணைந்துதான் இருக்கிறது என்றான். இன்னொரு கணினியில் பார்த்தோம். அங்கேயும் அப்படித்தான்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. அப்புறம் உன் நம்பருக்கு எப்படி வந்துச்சு?"

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"எனக்கு வர வேண்டியதுதான் சார். உள்ள இருக்கறது எங்க வீட்டுக்காரர்."

அறையில் இன்னும் கொண்டாடிக்கொண்டிருந்தவர்களைக் கையமர்த்தினேன்.

"கை நடுங்கிட்டே இருந்துச்சு. போனைத் திறக்கவே முடியல" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "நல்லவேளை சார், 'நலம்'னு முதல் வரியிலேயே இருந்துச்சு."