கவிழாத படகு

"எங்க வீட்டுக்காரர் நூத்திப் பத்து கிலோ. இது தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் சொல்லு!"

அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் கல்லாவில் இருந்த ஓனர் நிமிர்ந்து பார்த்தார். கவியரசனுக்கு உள்ளே கொதித்தது. வெளியே பல்லைக் காட்டிச் சிரித்தான்.

ஐ.டி. ஆட்கள் சனி, ஞாயிறு வந்தால் ஏரி, குளம் என்று கிளம்ப ஆரம்பித்திருந்த காலம். ரெசிடென்ஸி ரோட்டில் அவர்களுக்காகவே கூடாரமும் தூண்டிலும் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகும் விற்கிற கடை அது. தர்மபுரிக்காரனான கவியரசன், ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கி அங்கே சேல்ஸ்மேனாக இருந்தான்.

காலையில்தான் ஓனர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். குறுகலான நீலக் கயாக் இரண்டு வந்ததில் ஒன்றுதான் போயிருந்தது. மற்றது இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. "இன்னிக்கு இதைத் தள்ளலைன்னா நாளே பர்பேடா" என்று தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தார். நாளைக்கு வராதே என்று அர்த்தம்.

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் இந்த அம்மாள் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். "மீன் பிடிக்கிற படகு எங்க? மேல உக்காந்து ஓட்டுறது" என்று கேட்டவள், நேராக நீலக் கயாக்கிடம் போனாள். அதிலிருந்து சண்டைதான்.

"தாராளமா தாங்கும் மேடம்" என்றான் கவியரசன். நூறு கிலோவுக்கு மேல் அதில் ஏற்றக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

"ஆள் மட்டும் இல்ல. தூண்டிலு, ஐஸ் பெட்டி, சாப்பாடு எல்லாத்தையும் ஏத்துவார்."

"ஏத்தட்டும் மேடம். அதுக்குத்தானே படகு?"

"உக்காந்தும் பிடிக்க மாட்டார். எழுந்து நின்னுதான் தூண்டில் வீசுவார். நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டார்."

"நின்னா என்ன மேடம்?" என்றவன், செருப்பைக் கழற்றிவிட்டுக் கயாக்கின் மேல் ஏறி நின்றான். இப்படியும் அப்படியும் இடுப்பை ஆட்டிக் காட்டினான். "பாத்தீங்களா? பாறை மாதிரி நிக்குது."

"கார்ப்பெட் மேல எதுய்யா கவிழும்?" என்று சீறினாள் அவள். "வர்றவங்களுக்கெல்லாம் இப்படித்தான் ஏறி ஆடிக் காட்டுவியா?"

ஓனரின் பார்வை முதுகில் குத்தியது. கவியரசன் கீழே இறங்கினான். வாங்கவும் மாட்டாள், போகவும் மாட்டாள், கேள்வி கேட்டே தாலியறுப்பாள் என்று மனதுக்குள் திட்டினான்.

அவள் சுவரோரம் இருந்த பச்சைக் கயாக்கைக் கை காட்டினாள். நல்ல அகலம், தட்டையான அடிப்பாகம். இருநூறு கிலோ தாங்கும். எழுந்து நிற்கிற கனமான ஆளுக்கு அதுதான் சரி என்பது கடையில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

"அது எதுக்கு இருக்கு?"

"அது சும்மா சொகுசுக்கு மேடம். தூக்கவே ரெண்டு ஆள் வேணும். துடுப்புப் போட்டே சாருக்குக் கை விட்டுப் போயிடும்." பச்சை என்றைக்கு வேண்டுமானாலும் விற்றுப்போகும். நீலம் இன்றைக்குப் போயாக வேண்டும்.

அவள் நம்பியது மாதிரித் தெரியவில்லை. அவன் வேறு வழி பார்த்தான்.

"சாரையே ஒரு தடவை கூட்டிக்கிட்டு வாங்களேன் மேடம். அவரே உக்காந்து பாக்கட்டும்."

"அவர் வர மாட்டார்."

வெட்டின மாதிரி வந்தது பதில். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டான் கவியரசன். இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் அந்த மனிதர் ஏரிக்கு ஓடாமல் என்ன செய்வார்? முகம் தெரியாத அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது.

"மேடம், கோபப்படாம ஒரு நிமிஷம் கேளுங்க" என்று குரலைக் குழைத்தான். "போன மாசம் ஒரு சார் வந்தார். நீங்க சொல்ற மாதிரியே நல்ல உடம்பு. அவரும் பச்சையைத்தான் கேட்டார். நான்தான் அது வேணாம் சார்னு சொல்லி இதே நீலத்தை எடுத்துக் குடுத்தேன்."

அவளுடைய விரல்கள் கயாக்கின் விளிம்பை இறுகப் பிடித்தன.

"நீதான் குடுத்தியா?"

"நானேதான் மேடம்." மசிந்துவிட்டாள் என்று அவனுக்குத் தெம்பு வந்தது.

"நின்னுக்கிட்டு வீசினாலும் கவிழாதுன்னு அவர்கிட்டயும் சொன்னியா?"

"கேட்டாரே! சத்தியமே பண்ணேன் மேடம். இன்னி வரைக்கும் அந்த சார்கிட்டேயிருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல!"

இதற்கும் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. அருகில் வந்து, அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"கம்ப்ளெயின்ட் குடுக்க எங்க வீட்டுக்காரர் உயிரோட இல்லடா!"